நாலு கால் தேரை

"ஏன்னா...!"

அந்த அலறலில், எதிர்வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த மெஷின் சட்டென்று நின்றது.

பிளானோ. சனிக்கிழமை காலை. டெக்சாஸ் வெயில் அப்போதே வேலையை ஆரம்பித்திருந்தது.

தரையில் காபி டம்ளர் உருண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் வெங்கடகிருஷ்ணன் கிடந்தார்.

ஆயில் கம்பெனி இஞ்சினியராக இருந்து ரிடையர் ஆனவர். அதற்குப் பிறகு அவருக்கு ஒரே வேலைதான்... சீனாக்காரர்களின் பழைய மூக்குப்பொடிக் குப்பிகளைச் சேர்ப்பது. கல்லைக் குடைந்து, வெளிப்பக்கம் மிருகங்களைச் செதுக்கிய குட்டிக் குப்பிகள். உள்ளங்கைக்குள் அடங்கும். மூடியோடு ஒட்டிய சின்ன ஸ்பூன் உண்டு.

அந்த ஸ்பூன் அவர் வலது கையில் இருந்தது.

இடது கைக்குப் பக்கத்தில் மஞ்சள் அகேட் கல்லில் ஒரு குப்பி. கல்லுக்குள் இருந்த கறுப்புத் திட்டு, தேரையாக உட்கார்ந்து முறைத்தது.

அவருடைய கண்கள் திறந்திருந்தன. அவற்றில் ஒன்று கிட்டத்தட்டப் புதுசு. புரை எடுத்து, அன்று காலையில்தான் ஷீல்டைக் கழற்றியிருந்தார்.

மூச்சு?

இருந்தது... இருக்கிறதா என்று சண்டை போடும் அளவுக்கு!

அபயாம்பாள் மறுபடி அலறினாள். அதே நேரம் வாசலில் காலிங் பெல் அடித்தது.

*

"அங்கிள், ஹார்ட் அட்டாக்குக்கு எதுக்கு போலீஸைக் கூப்பிட்டீங்க?"

கேட்டவள் வெண்பா. போலீஸ் டிடெக்டிவ். பொள்ளாச்சியில் பிறந்து, பக்கத்து ஊரான ஆலனில் வளர்ந்தவள். இடுப்பில் துப்பாக்கி, கையில் ஐஸ் காபி.

"அங்கிளா? எனக்கு அம்பது கூட ஆகலீங்க அம்மிணி."

"சாரி, மிஸ்டர் வெள்ளியங்கிரி. ஹார்ட் அட்டாக்குக்கு எதுக்கு போலீஸ்?"

"ஹார்ட் அட்டாக்குக்கு இல்லீங்க. தேரைக்கு!"

வெள்ளியங்கிரி இன்சூரன்ஸ் கம்பெனியின் புலனாய்வாளர். கோயமுத்தூர்க்காரர். குப்பிகளைச் சரிபார்க்க அடுத்த வாரம் வரவேண்டியவர், வேறு கேஸ் தள்ளிப்போனதால் இன்றே வந்து பெல் அடித்துவிட்டார்.

அவர் உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில், அபயாம்பாள் போனில் கூப்பிட, பக்கத்துத் தெரு டாக்டர் ஆனந்தராஜா மூச்சு வாங்க ஓடி வந்து நாடி பார்த்தார். "ஹார்ட் அட்டாக்" என்றார். ஆம்புலன்ஸில் நண்பரோடு தானும் ஏறிப் போனார்.

குப்பி அறையில் கண்ணாடி அலமாரி ஜொலித்தது. வெள்ளியங்கிரி கையுறை மாட்டிய விரலால் தேரைக் குப்பியைத் திருப்பினார்.

"இந்தத் தேரைக்கு எத்தனை காலுங்க?"

வெண்பா குனிந்தாள்.

"நாலு. ஏன், பயாலஜி டெஸ்ட்டா?"

"போன வருஷம் இதே கையில வெச்சுப் பாத்தனுங்க. அன்னைக்கு மூணு!"

"வாட்?"

"சீனாக்காரன் கணக்குல மூணு கால் தேரைதானுங்க செல்வம். நிலாவுல இருக்கறது. முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு. நாலு கால் இருந்தா அது வெறும் தேரை... தோட்டத்துல கத்தறது. ஒரிஜினலை யாரோ அடிச்சுட்டு காப்பியை வெச்சிருக்கறாங்க."

"காப்பி வெச்சா ஹார்ட் அட்டாக் வருமா?"

"பொடியைப் பாருங்க. நானும் பொடி போடறவன்தான். நயம் பொடி ஒரே நிறமா இருக்கோணும். இதுல வெள்ளைத் துகள் மின்னுது. மத்த குப்பியில எல்லாம் சுத்தமா இருக்குது."

வெண்பாவின் ஐஸ் காபி மேஜைக்குப் போனது. போனை எடுத்தாள்.

ஐசியூ டாக்டர் அதிதி லைனில் வந்தாள். தமிழ்ப்பெண். அவசரத்தில் இருந்தாள்.

"பல்ஸ் இறங்கிட்டே இருக்கு டிடெக்டிவ். ஹார்ட் அட்டாக் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

"பாய்சன்னா?"



"பல்ஸை இப்படி இறக்கறது ஏதோ மருந்தாத்தான் இருக்கும். எந்த மருந்துன்னு தெரிஞ்சாகணும். மாத்து மருந்து இருக்கு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. தப்பானதைக் குடுத்தா நாங்களே கொன்ன மாதிரி ஆயிடும்."

"பொடியை லேப்புக்கு அனுப்பறேன்."

"ரிசல்ட் எப்போ?"

"நாளைக்கு."

"அவருக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்குமான்னு தெரியலையே!"

லைன் கட்டானது.

ஆக, விஷம் வைத்தவனைப் பிடிக்க வேண்டும். அதுவும் இன்றைக்கே. அவன் வாயிலிருந்து ஒரு மருந்தின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் வெங்கடகிருஷ்ணன் கதை முடிந்தது!

*

"பொடியா...? அவர் பொடியை விட்டுட்டார். பெருமாள் மேல சத்தியம் பண்ணியிருக்கார்!"

சோபாவில் அபயாம்பாள் அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் நடுவில் இருந்தாள். ஹாஸ்பிட்டலுக்குக் கிளம்பக் கையில் பை தயார். கால் செருப்பைத் தேடிக்கொண்டே இருந்தது.

"ஆன்ட்டி, அவர் டெய்லி போட்டுட்டுதான் இருந்திருக்கார்" என்றாள் வெண்பா.

"வரட்டும் ஆத்துக்கு! பொழச்சு வரட்டும்... அப்புறம் இருக்கு!"

"குப்பிகளை யார் தொடுவாங்க?"

"அந்தக் கர்மத்தை யார் தொடுவா? நீயே போய்ப் பாரேன். ஒண்ணுல வவ்வால். ஒண்ணுல சிலந்தி. ஒண்ணுல தேரை. மயிலாப்பூர்ல இதையெல்லாம் தொரத்த ஆளுக்குக் காசு குடுப்போம். இவர் காசைக் குடுத்து வாங்கி, லைட்டு வேற போட்டு வச்சிருக்கார்!"

வெள்ளியங்கிரி சிரிப்பை விழுங்கினார்.

"வவ்வால்னா அவங்களுக்கு அதிர்ஷ்டமுங்கம்மா. சிலந்தி மேலிருந்து இறங்கினா சந்தோஷம் வருதுன்னு அர்த்தம். குரங்கு குதிரை மேல உக்காந்திருந்தா பிரமோஷன்."

"அதான் குரங்குக்கெல்லாம் பிரமோஷன் குடுத்துட்டு இவரை ரிடையர் பண்ணிட்டா!"

"அவரு ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு குப்பி எடுப்பாருங்களா?"

பதில் மாடிப்படியிலிருந்து வந்தது.

"ஆமா சார். கிரீன் கார்டு இன்டர்வியூன்னா குரங்கு. ஸ்கேன் ரிப்போர்ட்னா ஆயுசுக்குக் கொக்கு. பெரிய நாள்னா தேரை. அத்திம்பேருக்குத் தேரைதான் உசுரு."

சாய்ராம். அபயாம்பாளின் அண்ணன் மகன். வேலை போய், இரண்டு மாதமாக மாடி அறையில் இருப்பவன். தலை வாரவில்லை. கண் நிலைகொள்ளவில்லை.

"இன்னைக்குப் பெரிய நாளா?" வெண்பா அவன் பக்கம் நகர்ந்தாள்.

"கண் ஷீல்டு எடுக்கற நாளாச்சே! கண் மங்கினதுல இருந்து, கீழ போட்டுடுவோம்னு பயந்து எந்தக் குப்பியையும் தொடல. பிளாஸ்டிக் டப்பாலதான் பொடி. கண்ணு தெரிஞ்சதும் முதல்ல தேரையைத்தான் பாப்பேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தார்."

"பாக்கறதுக்கும் முன்னாடி ஒரு சிட்டிகை?"

"அது... ஆமா. மூக்கு திறந்தாதான் கண்ணு திறக்கும்பார்."

"பொடி எங்கேர்ந்து வரும்?"

சாய்ராம் அத்தையைப் பார்த்தான்.

"சொல்லுடா கடங்காரா!"

"நான்தான்... சென்னை போனப்போ வாங்கிட்டு வந்தேன்."

"குப்பில யார் ரொப்பினது?"

"நேத்து மத்தியானம்... அத்திம்பேர் ரொப்பச் சொன்னார்... நான்தான்..."

அபயாம்பாள் வாயில் கை வைத்தாள்.

வெண்பா புருவத்தை உயர்த்தினாள். "நேத்து வீட்டுக்கு வேற யார் வந்தாங்க?"

"சாயங்காலம் டாக்டர் ஆனந்தராஜா அங்கிள் வந்தார். கண்ணை விசாரிக்க. அவரும் குப்பி கலெக்ட் பண்றவர். கொஞ்ச நேரம் அந்த ரூம்ல இருந்தார். அவ்வளவுதான்."

*

கராஜ்.

ஓர் ஓரத்தில் சாய்ராமின் மேஜை. த்ரீடி பிரிண்டர். கல்லைக் கூடத் துளைக்கும் குட்டி டிரில்.

"காப்பி செஞ்ச இடம் கிடைச்சாச்சு" என்றாள் வெண்பா.

"கிடைச்ச மாதிரிதானுங்க இருக்குது" என்றார் வெள்ளியங்கிரி. மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"என்ன இழுக்கறீங்க? லாஜிக் சிம்பிள். குப்பியை மாத்தினவன் அங்கிளுக்குக் கண்ணு தெரியாத வரைக்கும் சேஃப். இன்னைக்குக் கண்ணு திறக்குது. திறந்தா நாலு கால் தெரிஞ்சிடும். அதனால, பாக்கறதுக்கு முன்னாடி போடற சிட்டிகைல வெச்சான். கரெக்டா?"

"கரெக்ட்டுங்க."

"ரூமுக்குப் போனது ரெண்டே பேர். டாக்டர், சாய்ராம். டாக்டரும் குப்பி கலெக்ட் பண்றவர். அவருக்கு மூணு கால் விஷயம் தெரியுமா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாருங்க. ஏலத்துல இந்தத் தேரைக்கு இவரோட போட்டி போட்டுத் தோத்தவரே அவருதான்."

"அப்போ டாக்டர் காப்பி அடிச்சா?"

"மூணு காலோடதான் அடிப்பாரு. விவரம் தெரிஞ்சவன் நாலு கால் வெக்க மாட்டான்."

"சோ, டாக்டர் அவுட். விவரம் தெரியாதவன் இன்."

சாய்ராமின் கைகளில் விலங்கு ஏறியது.

"மேடம், நான் பண்ணல! பொடி மட்டும்தான் ரொப்பினேன்! கேஸ் போட்டா என் விசா..."

"விசாவை அப்புறம் பாக்கலாம். உங்க அத்திம்பேர் செத்துட்டிருக்கார். என்ன கலந்தேன்னு சொல்லு."

"தெரியாது மேடம்!"

"என்ன கலந்தே?"

"சத்தியமா தெரியாது!"

அழுதான். நடிப்பா, நிஜமா? வெண்பாவால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை அரித்தது.

வேறொரு போலீஸ் கார் அவனை ஏற்றிக்கொண்டு போனது.

*

டோல்வேயில் வெண்பாவின் கார் எல்லாவற்றையும் முந்தியது.

பக்கத்து சீட்டில் அபயாம்பாள். பின் சீட்டில் வெள்ளியங்கிரி. அவர் மடியில் சீல் வைத்த பிளாஸ்டிக் பையில் நாலு கால் தேரை. பொடியைச் சுரண்டி லேப்புக்கு அனுப்பியாகிவிட்டது.

போன் அடித்தது. அதிதி.

"இன்னும் இறங்குது. ஏதாவது தெரிஞ்சுதா?"

"பையன் வாயைத் திறக்கல."

"சீக்கிரம்!"

அபயாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"சாய்ராம் சோம்பேறிதான். ஆனா ஒரு பூச்சியைக் கூட அடிக்க மாட்டான். எல்லாம் அந்தத் தேரை பண்ற வேலை. அது போய்த் தொலைஞ்சப்பறமும் தோஷம் போகலை பாரு..."

வெண்பாவின் கால் பிரேக்கில் லேசாக அழுந்தியது.

"போய்த் தொலைஞ்சப்பறமா? எப்போ போச்சு ஆன்ட்டி?"

"போன மாசம்."

"திருடு போனது போன மாசம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திருடா? யாரு சொன்னா திருடுன்னு? நான்தான் மாத்தினேன்!"

பின்னால் வந்த பிக்கப் டிரக் ஹாரனை அலறவிட்டு, ஒதுங்கிப் போனது.

"என்னது!" இரண்டு குரல்கள்.

"அலமாரியைத் தூசி தட்டறச்சே பாத்தேன். அதுக்குப் பின்னங்கால் ஒண்ணு இல்லை. பின்னமான பொம்மையை ஆத்துல வெச்சுக்கலாமோ? கால் ஒடஞ்சது இருந்தா ஆத்து மனுஷாளுக்கு ஆகாது. அது வந்தப்பறம்தான் அவருக்குக் கண்ணே மங்கித்து. சொன்னா கேக்க மாட்டார். அதான் அவருக்குத் தெரியாம, முழுசா கால் இருக்கறதா ஒண்ணு மாத்தித் தரச் சொன்னேன்."

"யார்கிட்ட ஆன்ட்டி?" வெண்பாவின் குரல் கிசுகிசுத்தது.

"வேற யார்கிட்ட? இதெல்லாம் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தானே. டாக்டர் ஆனந்தராஜா! தங்கமான மனுஷர். காசே வேண்டாம் அக்கான்னுட்டார். ஒடஞ்சதை எடுத்துண்டு நல்லதாக் கொண்டு வந்து குடுத்தார். அண்ணருக்குச் சொல்லாதேங்கோ, கவலைப்படுவார்னார்."

"இதை ஏன் அப்பவே சொல்லல?"

"நீ திருட்டைப் பத்திதானே கேட்டே? இது திருட்டு இல்லையே... மாத்திண்டதுதானே!"

வெள்ளியங்கிரி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நாலு கால் வெச்சவன் விவரம் தெரியாதவன்னு நெனச்சனுங்க. ஆர்டர் குடுத்தவங்கதான் விவரம் தெரியாதவங்க!"

வெண்பா அதிதிக்குப் போன் போட்டாள்.

"டாக்டர் ஆனந்தராஜா எங்கே?"

"பேஷன்ட் பக்கத்துலதான் இருக்கார். ஃப்ரெண்டு, அதுவும் ஹார்ட் டாக்டர்னு உள்ள விட்டேன். ஹார்ட் அட்டாக்தான்னு அடிச்சுச் சொல்லிட்டிருக்கார். ஏன்?"



"அவரை வெளில அனுப்பு. சந்தேகம் வராம. அங்கிளைத் தனியா விடாதே. ஒரு செகண்ட் கூட!"

ஆக்சிலேட்டர் தரையைத் தொட்டது.

"நேரா போய்க் கேட்டா சொல்லுவானாங்க?" வெள்ளியங்கிரி கேட்டார்.

"ஏன் சொல்லணும்? சொன்னா ஜெயில். சொல்லாம இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா வெறும் ஹார்ட் அட்டாக். நேரா ஃப்யூனரல்ல வந்து அழுதுட்டுப் போவான்."

வெள்ளியங்கிரி பாக்கெட்டிலிருந்து தன் தகர டப்பாவை எடுத்தார். திறந்தார். நல்ல காப்பிக்கொட்டை நிறத்தில் பொடி. அவசரமாக ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார்.

பிறகு டப்பாவையே பார்த்தார். மடியில் இருந்த தேரையைப் பார்த்தார்.

"அம்மிணி... அந்த டாக்டரு பொடி போடுவாருங்களா?"

அபயாம்பாள் முந்திக்கொண்டாள். "கர்ச்சீப்பைப் பாத்தா தெரியாதோ? செம்மண்ணுல தோய்ச்ச மாதிரி இருக்கும்!"

*

ஐசியூ வாசல்.

நாற்காலியில் டாக்டர் ஆனந்தராஜா. அறுபது வயதுக் கம்பீரம். கையில் பழுப்புக் கறை படிந்த கைக்குட்டை.

"என்ன பிள்ளை, ஆளைப் பிடிச்சிட்டீங்களோ?"

"பிடிச்சாச்சு டாக்டர்" என்றாள் வெண்பா. "சாய்ராம்தான். ஒத்துக்கிட்டான்."

டாக்டரின் தோள்கள் ஓர் அங்குலம் இறங்கின.

"ஐயோ... அந்தப் பெடியனோ? நம்பேலாமல் கிடக்கு. என்ன கலந்தவனாம்?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேங்கறான்."

"பாவம் என்ரை சிநேகிதன். நான் வெளியிலை வந்திட்டன். பக்கத்திலை இருந்து பாக்கேலாது."

அபயாம்பாள் எதுவும் பேசாமல் தள்ளி நின்றாள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

வெள்ளியங்கிரி பெருமூச்சோடு பக்கத்து நாற்காலியில் சரிந்தார். தகர டப்பாவைத் தட்டித் திறந்தார்.

"டென்ஷனுங்க டாக்டர். போடறீங்களா?"

ஆனந்தராஜாவின் கண்கள் டப்பாவுக்குப் போயின.

"தாங்கோ தம்பி. காலமையிலை இருந்து மூக்கு வறண்டு கிடக்கு."

ஒரு சிட்டிகை. வலது மூக்கு.

இன்னொரு சிட்டிகை. இடது மூக்கு.

கண்களை மூடி, தலையை ஆட்டினார். "நல்ல சரக்கு. எங்கை வாங்கினது?"

"வாங்கலீங்க. ஓசி."

"ஓசியோ?"

"பழக்க தோஷமுங்க. லேப்புக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, வெங்கடகிருஷ்ணன் சார் தேரைக் குப்பியில இருந்து கொஞ்சம் என் டப்பாவுல தட்டிக்கிட்டனுங்க. வீணாப் போகுதேன்னு..."

பிளாஸ்டிக் பை டாக்டரின் முகத்துக்கு முன்னால் ஆடியது. உள்ளே நாலு கால் தேரை முறைத்தது.

ஆனந்தராஜாவின் முகத்தில் ரத்தம் வடிந்து போனது.

"எ... என்ன சொன்னனீர்?"

"நான் இன்னும் போடலீங்க. உங்களுக்குத்தான் முதல் மரியாதை."

"உமக்கென்ன விசரா!"

நாற்காலி பின்னால் விழுந்தது. டாக்டர் கைக்குட்டையை மூக்கில் திணித்துக் குடைந்தார். மூக்கைச் சிந்தினார். சட்டைப் பட்டனைப் பிய்த்தார். தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார்.

"நர்ஸ்! டாக்டர்! கெதியா வாங்கோ!"

அதிதி கதவைத் திறந்தாள். "என்ன ஆச்சு?"

"எனக்கு உடனை ஊசி போடும்! உடனை!"

"எந்த ஊசி?"

அவர் சொன்னார்.

மருந்தின் பெயர். அதற்கு மாற்று மருந்தின் பெயர். எவ்வளவு கலந்தார், எவ்வளவு ஏற்ற வேண்டும்... மெடிக்கல் காலேஜ் வைவாவில் கூட அவ்வளவு சரளமாகச் சொல்லியிருக்க மாட்டார்!

அதிதி திரும்பி ஓடினாள். அவரிடமிருந்து விலகி. வெங்கடகிருஷ்ணனின் கட்டிலை நோக்கி!

"அங்கை எங்கை போறாய்? எனக்கு! எனக்குப் போடும்!"

வெண்பா அவர் கையைப் பின்னால் மடக்கினாள்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். வெறும் பொடி. ஒரு தும்மல் போட்டா சரியாயிடும்."

வெள்ளியங்கிரி டப்பாவிலிருந்து பெரிய சிட்டிகையாக எடுத்துத் தன் மூக்கில் ஏற்றினார். ரசித்தார்.

"சுத்தமான கோயமுத்தூர் சரக்குங்க."

டாக்டர் வாயைத் திறந்தார்.

பேச்சு வரவில்லை. தும்மல் வந்தது.

அவருடைய கோட்டுப் பாக்கெட்டில், பஞ்சில் சுற்றி, ஒரு சின்னக் குப்பி இருந்தது. மஞ்சள் அகேட். கறுப்புத் தேரை. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

"வீட்டுல வெச்சிருக்கலாமே டாக்டர்?"

"ஒரு நாளும் விட்டிட்டு வர மனம் வரேல்லை" என்றார் ஆனந்தராஜா, தரையைப் பார்த்து. "அந்தத் தேரை அவனிட்டைப் போனதிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை. அக்காவே கொண்டு வந்து கையிலை தந்தா... நான் என்ன செய்ய?"

"திருப்பிக் குடுத்திருக்கலாம்."

அப்படி ஒரு வழி இருப்பதையே இப்போதுதான் கேள்விப்படுபவர் போல அவளைப் பார்த்தார்.

*

மறுநாள் வெங்கடகிருஷ்ணன் கண் விழித்தார்.

கட்டிலைச் சுற்றி அபயாம்பாள், வெண்பா, வெள்ளியங்கிரி, விலங்கில்லாத சாய்ராம். அவன் கையில் வெண்பா வாங்கிக்கொடுத்த ஐஸ் காபி. மன்னிப்புக்குப் பதிலாக.

"சாரி சாய்ராம்."

"பரவால்ல மேடம். ரெண்டு மாசத்துல என்னை ஒருத்தர் இன்டர்வியூ பண்ணினதே நீங்கதான்."

கிழவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"தேரை..." என்றார் முதல் வார்த்தையாக.

வெள்ளியங்கிரி இரண்டு குப்பிகளையும் போர்வை மேல் வைத்தார். மூணு கால் ஒரு பக்கம். நாலு கால் ஒரு பக்கம். நடந்ததைச் சொன்னார்.

வெங்கடகிருஷ்ணன் கேட்டு முடித்தார். புதுக்கண்ணால் நாலு கால் தேரையை வெறித்தார்.

"பொடி போட்டுண்டு எடுத்துப் பாத்தேன். எண்ணினேன். நாலு வந்தது. திரும்ப எண்ணினேன். நாலு. கண் ஆபரேஷன் பெயிலாயிடுத்துன்னு நெனச்சுண்டேதான் விழுந்தேன்..."

பிறகு மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். நண்பனை இழந்து, உயிரைப் பாதி இழந்து, திரும்பி வந்த மனிதரின் பார்வை அது.

"அபயம்... ஏண்டி இப்படிப் பண்ணினே?"

அபயாம்பாள் மூக்கை உறிஞ்சினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என்ன பண்ணிட்டேன்? மூணு காலைக் குடுத்து நாலு காலா வாங்கிண்டு வந்தேன். ஒரு கால் லாபம்தானே... அதுக்குப் போய் இப்படியா மயக்கம் போட்டு விழுவேள்!"